பாதி விலைக்கு ஒரு ஜோடி

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஆண்களுக்கு அலுவலக ஷூ ஒரு விசித்திரமான செலவு. அதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. வாங்காமல் தவிர்க்கவும் முடியாது. வங்கி ஊழியர், மருந்து விற்பனைப் பிரதிநிதி, இளம் வழக்கறிஞர், முதல் நேர்காணலுக்குச் செல்லும் பட்டதாரி என எல்லோருக்கும் கறுப்பு நிறத்தில் ஒரு ஜோடி வேண்டியிருக்கிறது. நாள்தோறும் 10 மணி நேரம் காலில் கிடக்கப்போகும் அந்தப் பொருளை வாங்கக் கடைக்குள் நுழைந்தால், விலைச் சீட்டைத் தவிர வேறெதுவும் பெரும்பாலோருக்குப் புரிவதில்லை. 900 ரூபாய்க்கும் ஷூ இருக்கிறது. 9,000 ரூபாய்க்கும் இருக்கிறது. கண்ணாடி அலமாரிக்குள் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கின்றன.

ஒரு பொருளின் விலை ஏன் அதிகம் என்று கேட்பதற்கு நாம் பழகியிருக்கிறோம். ஏன் குறைவு என்று கேட்பதில்லை. குறைந்த விலை எங்கிருந்து வருகிறது, யார் அதைத் தாங்குகிறார் என்ற கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு காலணித் தொழிலாளியின் வாழ்க்கை வரலாறு. அவர் பெயரை இந்தியாவின் ஒவ்வொரு சிறுநகரத்துக் கடைத்தெருவிலும் சிவப்பு எழுத்துகளில் காணலாம். அது இந்தியப் பெயர் என்றே நம்மவர் பலரும் நம்புகிறார்கள். தோமாஷ் பாட்டா பிறந்தது இன்றைய செக் குடியரசில், மொராவியாப் பகுதியைச் சேர்ந்த ஸ்லீன் என்ற சிற்றூரில். 1876 ஏப்ரல் 3 அன்று அவர் பிறந்தபோது அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஒரு மூலை.

பல தலைமுறைகளாகக் காலணி தைத்து வந்த குடும்பம் அது. சிறு வயதிலேயே தாயை இழந்த தோமாஷ், தந்தையின் பட்டறையில் தோல் நறுக்குகளுக்கிடையே வளர்ந்தார். 1894இல், 18 வயதில், அண்ணன் அந்தோனின், அக்கா அன்னா ஆகியோருடன் சேர்ந்து சொந்தத் தொழிலைத் தொடங்கினார். முதலீடு, தாய் வழியாகக் கிடைத்த 800 ஃபுளோரின். வேலைக்கு வைத்த சுமார் பத்துப் பேருக்கும் நேரம் வகுத்து வேலை, வாரம் தவறாமல் கூலி என்று முறை வைத்தார்கள். வேலை இருக்கும்போது கூலி, இல்லாதபோது பட்டினி என்று கிடந்த ஒரு தொழிலில் அது புதுமை.

மறு ஆண்டே கடன் கழுத்தை நெரித்தது. தோல் வாங்கக் கையில் காசில்லை. அப்போது தோமாஷ் எடுத்த முடிவுதான் அவருடைய வாழ்க்கை முழுமைக்கும் அச்சாரம். கையிலிருந்த கித்தான் துணியை மேற்பகுதிக்கு வைத்து, அடிப்பாகத்தை மட்டும் தோலால் அமைத்து, எளிய ஷூக்களைத் தைத்தார்கள். கனமில்லாத, விலை குறைந்த அந்த ஷூ உழைக்கும் மக்களிடையே வேகமாகப் பரவியது. தொழிலாளர் எண்ணிக்கை ஐம்பதாக உயர்ந்தது.

இதில் நான் கவனிக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கித்தான் ஷூ தன்னைத் தோல் ஷூ என்று சொல்லிக்கொள்ளவில்லை. துணி துணியாகவே தெரிந்தது. மலிவான பொருள் தன் மலிவை மறைக்காமல் இருந்தது. தேய்மானம் எங்கே அதிகமோ அந்த இடத்தில் மட்டும் நல்ல சரக்கு. மற்ற இடத்தில் சிக்கனம். ஏமாற்றில்லாத மலிவுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

1904இல் தோமாஷ் தன் தொழிலாளர்கள் மூவருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் போய்ச் சேர்ந்தது பாஸ்டனுக்கு அருகிலுள்ள லின் நகரம். காலணித் தொழிலின் தலைநகரமாக அன்று விளங்கியது அது. ஷூவின் மேற்தோலை மர அச்சின் மீது இழுத்து அடிப்பாகத்தோடு பொருத்தும் வேலையைச் செய்யும் எந்திரம் பிறந்த ஊரும் அதுதான். சூரினாமிலிருந்து குடியேறிய கறுப்பினத் தொழிலாளி யான் மாட்செலிகர் அதற்கு 1883இல் காப்புரிமை பெற்றார். தேர்ந்த கைவினைஞர் ஒரு நாளில் 50 ஜோடி முடித்த இடத்தில், எந்திரம் அதைப் போலப் பல மடங்கு முடித்தது. ஷூவின் விலை சரிந்தது. மாட்செலிகரோ காசநோய்க்கு ஆளாகி 1889இல், 36 வயதில் இறந்துபோனார்.

அந்த நகரில் பாட்டா முதலாளியாகச் சுற்றிப் பார்க்கவில்லை. சாதாரணத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தார். ஆறு மாதங்களுக்குப் பின் ஊர் திரும்பியபோது அவர் மனத்தில் எந்திரங்களோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. ஒரு ஷூ உருவாகும் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக அளந்து, எங்கே நேரம் வீணாகிறது, எங்கே தோல் வீணாகிறது என்று கணக்கிடும் பழக்கம். 1908இல் அண்ணன் அந்தோனின் இறந்தார். முழுப் பொறுப்பும் தோமாஷின் தோளில் விழுந்தது. 1912இல் மரியா மென்சிகோவாவை மணந்தார். 1914இல் மகன் பிறந்தான்.

அந்த 1914இல்தான் முதல் உலகப் போரும் வெடித்தது. தொழிலாளர்கள் படைக்கு அழைக்கப்பட்டார்கள். தோமாஷ் அவசரமாக வியன்னாவுக்கு ஓடி, 50,000 ஜோடி ராணுவக் காலணிகளுக்கு ஆணை பெற்று வந்தார். அதனால் தொழிலாளர் பலர் போர்முனைக்குப் போகாமல் பட்டறையிலேயே தங்க முடிந்தது. போர் முடிவதற்குள் நிறுவனம் பத்து மடங்கு பெருத்தது. போர் லாபம் என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. ஆனால், சேற்றிலும் பனியிலும் நாள் முழுக்க நடப்பவனுக்கு ஷூ தைத்த அனுபவம், அடிப்பாகமும் தையலும் எவ்வளவு பாடுபடும் என்பதை அந்தத் தொழிற்சாலைக்குக் கற்பித்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

போருக்குப் பின் பேரரசு உடைந்தது. செக்கோஸ்லோவாகியா என்ற புதிய நாடு பிறந்தது. கூடவே பொருளாதார மந்தமும் வந்தது. ஆலைகள் மூடப்பட்டன. வேலையின்மை பெருகியது. மக்களுக்கு ஷூ தேவைப்பட்டது, வாங்கப் பணமில்லை. கிடங்குகளில் ஷூக்கள் தேங்கின. எல்லா முதலாளிகளும் உற்பத்தியைக் குறைத்துக் காத்திருந்தபோது, 1922 செப்டம்பரில் பாட்டா தன் ஷூக்களின் விலையைப் பாதியாகக் குறைத்தார்.

நாடு திகைத்தது. பைத்தியக்காரத்தனம் என்றார்கள் போட்டியாளர்கள். கடைகளில் வரிசை நின்றது. தேங்கிக் கிடந்த சரக்கு கரைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் போட்டியாளர் பலர் தொழிலை மூட, பாட்டாவின் ஆலை விரிந்தது. வணிகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் கதை இது. ஆனால், கதையின் இன்னொரு பாதியைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அந்தப் பாதி விலைக்காகத் தொழிலாளர்களின் கூலி 40 விழுக்காடு வெட்டப்பட்டது. அவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டார்கள்; ஒப்புக்கொள்ளாமல் வேறு வழி எவ்வளவு இருந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கு ஈடாக உணவு, உடை முதலிய அன்றாடப் பொருள்களை நிறுவனம் அவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த வெட்டு, விற்பனை பெருகிய பின் ஊதியமாகவும் லாபப் பங்காகவும் திரும்பி வந்தது.

லாபப் பங்கு என்பது பாட்டாவின் அடுத்த பெரிய ஏற்பாடு. 1924 முதல் தொழிற்சாலையின் ஒவ்வொரு பட்டறையும் ஒரு தனி வணிகம் போலக் கணக்கு வைத்துக்கொண்டது. முந்தைய பட்டறையிலிருந்து சரக்கை வாங்குவதாகவும் அடுத்த பட்டறைக்கு விற்பதாகவும் கணக்கு. குறையுள்ள சரக்கை வாங்கினால் நட்டம் தன்னுடையது என்பதால், மோசமாகத் தைத்த ஷூவை அடுத்த பட்டறை ஏற்காது. தரத்தைக் காக்கத் தனியாகக் கண்காணி தேவைப்படவில்லை, கணக்கே காத்தது. வாரந்தோறும் லாபம் பார்க்கப்பட்டு, தொழிலாளர்களுக்குப் பங்கு சேர்ந்தது.

1923இல் பாட்டா ஸ்லீன் நகரின் மேயரானார். சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊர், 1930இல் 20,000 பேரைத் தாண்டியது. தோட்டத்துடன் கூடிய செங்கல் வீடுகள் தொழிலாளர்களுக்காக வரிசை வரிசையாக எழுந்தன. 1925இல் தொழிற்பயிற்சிப் பள்ளி வந்தது. 1927இல் மருத்துவமனை வந்தது. நாடெங்கும் திறந்த கடைகளில் ஷூ விற்றதோடு பாட்டா நிற்கவில்லை. தேய்ந்த ஷூவைக் கொண்டுவந்தால் செப்பனிட்டுக் கொடுக்க ஆள் இருந்தார். காலில் ஆணி, வெடிப்பு இருந்தால் கவனித்துக் கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. விற்ற பொருள் தேயும் என்பதை ஒப்புக்கொண்ட வணிகம் அது. இந்தச் செய்தியைத்தான் நான் அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 9 என்ற எண்ணில் முடியும் அவருடைய விலைகளை உலகம் முழுவதும் பின்பற்றியவர்கள், கடையின் ஓரத்தில் இருந்த செப்பனிடும் மேசையை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

அவரை வழிபடவும் முடியாது. தொழிற்சங்கங்களை அவர் விரும்பவில்லை. வீடு, பள்ளி, மருத்துவமனை, நகர்மன்றம் எல்லாமே ஒருவர் கையில் இருந்த ஊரில், வேலையை இழந்தவன் ஊரையும் இழந்தான். வேகம் கூட்டப்பட்ட கன்வேயர் வரிசை தொழிலாளியின் உடலைப் பிழிந்தது. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் பணியாற்றிய ஸ்வாதோப்ளுக் துரெக் இந்த ஆலை வாழ்க்கையைக் கடுமையாகச் சித்திரித்து 1933இல் ஒரு நாவல் எழுதினார். நிறுவனம் அதற்கெதிராக நீதிமன்றம் சென்றது. கிராமங்களில் கையால் தைத்துப் பிழைத்த எளிய காலணித் தொழிலாளர்கள், தங்கள் பிழைப்பு அடித்துச் செல்லப்படுவதைக் கண்டு போராடினார்கள். அயல்நாடுகள் பாட்டா ஷூக்களின் மீது சுங்கவரியை உயர்த்தின. அவரோ சுங்கச் சுவருக்கு உள்ளேயே போய், அந்தந்த நாட்டில் ஆலை கட்டத் தொடங்கினார்.

1931 இறுதியில் அவர் விமானத்தில் கீழை நாடுகளை நோக்கிப் புறப்பட்டு, இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தாவுக்கு அருகே கொன்னகரில் சிறிய அளவில் தொடங்கிய தயாரிப்பு, பின்னர் ஹூக்ளி ஆற்றங்கரையில் பாட்டாநகர் என்ற தொழில் நகரமாக விரிந்தது. வெறுங்காலுடன் நடந்த கோடிக்கணக்கான மக்களை அவர் சந்தையாகக் கண்டார். நம் நாட்டில் வெறுங்கால் என்பது வறுமையின் அடையாளம் மட்டுமல்ல என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். காலில் செருப்பணிந்து ஊர்த் தெருவில் நடக்கும் உரிமை சிலருக்கு மறுக்கப்பட்ட மண் இது. தோலைப் பதனிட்டுக் காலணி தைத்தவர்களே அதை அணிந்து நடக்க முடியாதிருந்த கொடுமை தமிழகக் கிராமங்களிலும் இருந்தது. ஆகவே, ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி முதல் ஷூவை வாங்கும்போது, அவர் வாங்குவது வெறும் சீருடையின் ஒரு பகுதியை அன்று. அந்த ஷூ மூன்று மாதத்தில் வாய்பிளந்து நின்றால், இழப்பும் வெறும் பணத்தோடு முடிவதில்லை.

1932 ஜூலை 12 காலை. அடர்ந்த மூடுபனி. சுவிட்சர்லாந்தின் மோலின் நகரில் உருவாகிவந்த புதிய ஆலைக்குப் போக வேண்டும். ஸ்லீனுக்கு அருகே ஒட்ரோகோவிட்சே விமானத் தளத்திலிருந்து யுங்கர்ஸ் விமானம் கிளம்பியது. சிறிது நேரத்தில் தரையில் மோதி நொறுங்கியது. பாட்டாவும் விமானி இன்ட்ரிக் பிரவுசெக்கும் இறந்தார்கள். அப்போது அவருக்கு 56 வயது. நிறுவனத்தில் 16,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். கடைகள் 1,600ஐத் தாண்டியிருந்தன. மாற்றாந்தாய் வழித் தம்பி யான் அந்தோனின் பொறுப்பேற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலை அரசுடைமையானது. 1949இல் ஸ்லீனின் பெயரே மாற்றப்பட்டு, கம்யூனிஸ்ட் தலைவர் கோட்வால்டின் பெயர் சூட்டப்பட்டது; 1990இல்தான் பழைய பெயர் திரும்பியது. நிறுவனம் மகனின் தலைமையில் கனடாவில் வேர்விட்டு உலகெங்கும் கிளைத்தது.

இந்த வாழ்க்கையை இன்று ஷூ வாங்க நிற்கும் ஒருவர் ஏன் அறிய வேண்டும்? குறைந்த விலைக்கு மூன்று ஊற்றுக்கண்கள் மட்டுமே உண்டு என்பதை அது காட்டுகிறது. வீணாவதைக் குறைப்பது முதலாவது. தொழிலாளியின் கூலியில் கைவைப்பது இரண்டாவது. பொருளின் தரத்தை வெட்டி, வெட்டியதை மறைப்பது மூன்றாவது. பாட்டா முதலாவதில் மேதை. இரண்டாவதையும் 1922இல் செய்தார். செய்ததை அறிவித்துவிட்டுச் செய்தார். மூன்றாவது இன்றைய சந்தையின் கண்டுபிடிப்பு.

மறைக்கப்பட்டதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. ஷூவின் மேற்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும். மேலே பிளாஸ்டிக் பூச்சு கனமாக இருந்தால் சுருக்கம் விழாமல் வழுவழுவென்று குழியும். அல்லது காகிதம் போல ஒரே கோடாக மடியும். அந்தக் கோட்டில்தான் பின்னாளில் வெடிக்கும். அசல் தோல் என்ற முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. தோலின் மேலடுக்கைச் சீவி எடுத்தபின் எஞ்சும் கீழடுக்குக்குப் பூச்சுப் பூசினாலும், சட்டப்படி அதுவும் தோல்தான். ரெக்சின் ஷூவை ரெக்சின் என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்குவதில் தவறில்லை. கித்தான் ஷூவைப் போல அதுவும் நேர்மையான பேரம்தான்.

அடுத்து அடிப்பாகம். ஷூவைக் கவிழ்த்து, மேற்பகுதியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பைப் பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டியவை இலேசானவை, மலிவானவை. நம் வெயிலிலும் மழையிலும் பசை விடுவதும் விரைவு. சுற்றிலும் உண்மையான தையல் ஓடினால் அடிப்பாகம் தேய்ந்தபின் பிரித்து மாற்றலாம். தையல் போலத் தோன்றும்படி அச்சிட்ட கோடுகளும் உண்டு. நூல் உள்ளே போய் வருகிறதா என்று நகத்தால் தடவினால் தெரிந்துவிடும். பாலியூரித்தேன் அடிப்பாகம் நடக்க மென்மையானது. ஆனால், ஈரப்பதத்தில் சில ஆண்டுகள் கிடந்தால், அணியாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் பொடிப்பொடியாக உதிரும். கடற்கரை நகரங்களில் நாள்தோறும் பேருந்துக்கும் ரயிலுக்கும் ஓடுபவருக்கு நல்ல ரப்பர் அடிப்பாகமே உகந்தது.

அளவு சரியில்லாவிட்டால் எந்தத் தரமும் பயன் தராது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வழக்கமாக அணியும் சாக்ஸுடன் போட்டுப் பார்க்க வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஷூவை வளைத்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் அதன் முதுகெலும்பு பலவீனம். அகலமான பாதமுள்ளவர்களுக்கு, லேஸ் கட்டும் இரு மடல்களும் நன்கு விரியும் டெர்பி வகை வசதியானது. அலங்காரத் துளைகள் இல்லாத சாதாரணக் கறுப்பு ஜோடி, அலுவலகத்துக்கும் திருமணத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1,000 ரூபாய் ஷூ எட்டு மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளுக்கு ஆறு ஜோடி, 6,000 ரூபாய். 3,500 ரூபாய்க்குத் தையலுள்ள தோல் ஷூ வாங்கி, இடையில் ஒருமுறை 700 ரூபாய்க்கு அடிப்பாகம் மாற்றினால் மொத்தம் 4,200 ரூபாய். ஆனால், மாதக் கடைசியில் கையில் 1,000 மட்டுமே இருப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி என்ன பயன்? இல்லாதவரே அதிகம் செலவழிக்க நேரும் இந்த முரண்தான் 1922இல் பாட்டா எதிர்கொண்டது. வாங்குபவருக்கு அறிவுரை சொல்வதைவிட, தாங்கும் ஷூவை அவர் எட்டும் விலைக்குக் கொண்டுவருவதே தொழிலின் கடமை என்பது அவருடைய வாழ்க்கை தரும் விடை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகச் சந்தைக்குத் தரமான தோல் ஷூக்களை அனுப்பிக்கொண்டிருக்கும் மாநிலத்தில், இந்தக் கேள்விக்கு நம்மிடமும் விடை இருந்தாக வேண்டும். ஏற்றுமதிக்குத் தைக்கும் கைகளுக்கு உள்ளூர் ஊழியரின் காலுக்குத் தைக்கத் தெரியாதா என்ன?

அதுவரை நம்மால் முடிந்தவை சில உண்டு. முடிந்தபோது இரண்டாவது ஜோடி ஒன்றை வாங்கி மாற்றி மாற்றி அணியலாம். வியர்வையை உறிஞ்சிய தோல் உலர ஒரு நாள் ஓய்வு தேவை. நனைந்த ஷூவை வெயிலில் வைக்காமல், உள்ளே பழைய நாளிதழைத் திணித்து நிழலில் உலர்த்தலாம். வாரம் ஒருமுறை துடைத்துப் பாலிஷ் போடலாம். குதிகால் ஒருபக்கமாகத் தேயத் தொடங்கியதுமே தெருமுனையில் குடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் காலணித் தொழிலாளியிடம் கொண்டுபோகலாம். பாட்டா தன் கடைக்குள் வைத்திருந்த செப்பனிடும் மேசை, நம் ஊரில் வாடகையின்றி, கூரையின்றி, மரியாதையுமின்றி நடைபாதையில் கிடக்கிறது. அங்கே பேரம் பேசாமல் கொடுக்கும் 50 ரூபாய் ஷூவின் ஆயுளை நீட்டிக்கும். ஒரு குடும்பத்தின் அடுப்பையும் எரியவைக்கும்.

ஷூவைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்றால், நான் கடைக்காரரிடம் கேட்பது இதைத்தான்: இது தேய்ந்தால் சரிசெய்ய முடியுமா? தோமாஷ் பாட்டாவின் கடையில் அதற்கு ஆம் என்ற பதில் கிடைத்திருக்கும்.